சாலைப் பெயர்கள் சொல்லும் வரலாறு: ஜோகூர் பாருவின் பழைய நகரம்

ஒரு நகரத்தின் வரலாற்றை அரண்மனையிலிருந்து எழுதுவதே வழக்கம். நாம் இங்கே சாலைப் பெயர்களிலிருந்து தொடங்குவோம்.

1855-ஆம் ஆண்டில் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் தஞ்சோங் புத்திரி என்னும் கரையோரக் குடியிருப்பை நிறுவினார். அவருடைய மகன் அபு பக்காரின் காலத்தில் அது ஜோகூர் பாரு ஆயிற்று. மிளகும் காம்பியரும் பயிரிடச் சீனர்கள் அழைக்கப்பெற்றனர். அவர்களுள் தலைமை பெற்ற தான் ஹியோக் நீயின் பெயரை இன்றும் ஒரு சாலை தாங்கி நிற்கிறது.

ஜாலான் துருஸில் உள்ள பழைய சீனக் கோயிலில் தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டோனியர், ஹைனானியர் என்னும் ஐந்து மொழிக் குழுவினரும் தத்தம் தெய்வங்களை ஒரே கூரையின் கீழ் வழிபடுகின்றனர். அதே சாலையில் சீக்கியர்களின் குருத்வாரா உள்ளது. சற்று நடந்தால் ஜாலான் உங்கு புவானில், 1911-இல் தோன்றிய இராஜமாரியம்மன் ஆலயத்தின் கோபுரம் தெரியும். தான் ஹியோக் நீ சாலையில் 1919 முதல் ஹைனானியர் ரொட்டிக்கடையும், ஜாலான் டோபியில் 1937 முதல் இந்திய முஸ்லிம்களின் ரொட்டிக்கடையும் விறகடுப்பை அணையவிடாமல் காத்து வருகின்றன.

இவை கண்ணுக்குத் தெரியும் பன்மை. காதுக்குத் தெரியும் பன்மை இதனினும் ஆழமானது. சலவைக் கடையை மலாயில் 'கெடாய் டோபி' என்பர். 'கெடாய்' நம் 'கடை'யே. மலாய் ஒலிப்பில் முதல் உயிர் மெலிந்தது, ஈற்று ஐகாரம் நிலைத்தது. 'டோபி' இந்திச் சொல். அவற்றை இணைக்கும் இலக்கணமோ மலாய். பெயர்ச்சொல்லை முன்னும் அதன் அடையைப் பின்னும் வைப்பது அம்மொழியின் மரபு. இரண்டே சொற்களில் மூன்று மொழிகள் குடியிருக்கின்றன. நாமும் வாங்காமல் இல்லை. 'கம்போங்' நம் நாவில் 'கம்பம்' ஆயிற்று. 'கெத்தா' 'கித்தா' ஆயிற்று. கடன் கொடுத்ததை மட்டும் எண்ணிப் பெருமிதம் கொள்வது அரை வரலாறே ஆகும்.

ஆயினும் ஒரு கவலை உண்டு. பலகையில் எழுதப்பெற்ற பெயர் நிலைக்கும். எழுதப்பெறாத வழக்குப் பெயர் அதை வழங்கிய மூத்தோரோடு மறையும். சந்தையை, படித்துறையை, ஒரு சாலையின் முனையை அவர்கள் எப்பெயரால் அழைத்தனர் என்பது எந்த நில ஆவணத்திலும் இராது.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். மாணவர்களை ஒருநாள் இச்சாலைகளில் நடக்க விடுங்கள். தமிழ்ப் பாட்டியிடமும் சீனக் கடைக்காரரிடமும் மலாய்ப் பெரியவரிடமும் ஒரே இடத்தின் பெயரைக் கேட்டு, ஒலித்தவாறே குறித்துவரச் செய்யுங்கள். விடைகள் வேறுபடும், அந்த வேறுபாடே இந்நகரின் வரலாறு. கேட்பதற்கு இன்னும் ஆள் இருக்கும்போதே கேட்பது நம் கடமை.