கோத்துக் கொடுத்த ஞாபகம்

கல்லங்குறிச்சி என்றால் அரியலூர்க்காரர்களுக்குக் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில். நிலவியல் விஞ்ஞானிகளுக்கோ அது ஒரு பாறை அடுக்கின் பெயர். சுமார் 7 கோடி வருடங்களுக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தோண்டத் தோண்டச் சிப்பிகள் வருகின்றன. கரண்ட் இல்லாமல், பேட்டரி இல்லாமல், 7 கோடி வருட ஞாபகம்.

அந்த ஊரில் நண்பர் ஒருவரின் மகன், பொறியியல் கடைசி வருட மாணவன், கேமிங் லேப்டாப் வைத்திருக்கிறான். அதிலிருக்கும் ரேம், ஒரு விஷயத்தை வினாடியில் ஆயிரத்தில் அறுபத்து நாலு பங்கு நேரத்துக்கு மேல் நினைவு வைத்திருப்பதாக உத்தரவாதம் தராது! அதற்குள் யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். வினாடிக்குப் பதினைந்து, பதினாறு முறை. விடாமல்.

ஏன் இப்படி? கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1954ல் ரங்கசாமி நரசிம்மன் பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அவர் தலைமையில் ஒரு சின்னக் குழு, இந்தியாவிலேயே வடிவமைத்து ஒரு கம்ப்யூட்டரைக் கட்டியது. 1960ல் முழுதாக வேலைக்கு வந்தது. 1962ல் நேரு பெயர் சூட்டினார்: டிஃப்ராக்.

அதன் நினைவகம், கம்பியில் கோத்த குட்டிக் குட்டி ஃபெரைட் காந்த வளையங்கள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். மொத்தம் 2,048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட். கணக்குப் போட்டால் 10 கிலோபைட். நம் பையனின் லேப்டாப்பில் இன்றிருக்கும் 16 ஜி.பி.யை நிரப்பப் பதினாறு லட்சம் டிஃப்ராக் போதாது.

வளையத்தில் ஒரு வினோதம். படித்தால் அழிந்துவிடும். படித்த கையோடு திரும்ப எழுதவேண்டும். ஆனால் சும்மா விட்டால் அப்படியே இருக்கும், கரண்ட் போனாலும்.

1966ல் ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு டிரான்ஸிஸ்டர், ஒரு கெபாசிட்டர். அதில் மின்சாரம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். 1968ல் காப்புரிமை. ரொம்ப மலிவு, ரொம்பச் சின்னது. ஒரே குறை, ஓட்டைப் பானை. மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும், நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். இன்றைய ரேம் அத்தனையும் இந்த ஓட்டைப் பானைகள்தாம்.

பானை நிரம்பக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த அவகாசத்தைக் குறைப்பதுதான் ஓவர்கிளாக்கிங். கம்பெனி, எல்லாக் கார்டும் பிழையில்லாமல் ஓடக்கூடிய வேகத்தைத்தான் எழுதித் தரும். பல கார்டுகள் அதற்கு மேலும் ஓடும். 1998ல் 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் சிப்பை வாங்கி 450ல் ஓட்டியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். ரேமும் 66லிருந்து 100க்கு ஓடியாக வேண்டும். முடியாத கார்டு படுத்துவிடும். 2007ல் இன்டெல்லே இதைச் சட்டபூர்வமாக்கியது. எக்ஸ்.எம்.பி. என்ற பெயரில், கூடுதல் வேகத்துக்கான கணக்கைக் கார்டிலேயே எழுதி வைக்கும் ஏற்பாடு.

பையனுக்கு இதெல்லாம் தெரியும். அப்போது லேப்டாப்பில் ஒரே ஒரு 8 ஜி.பி. கார்டு. இன்னொரு இடம் காலி. பயாஸ் பூட்டப்படாத மாடல் வேறு. 3200 வேகத்தை 3600 ஆக்கினான். கேம் ஓடியது. பத்து நாள் கழித்து, ப்ராஜெக்ட் ஃபைல் திறக்கவில்லை. எங்கோ சில பிட்கள் புரண்டிருக்கின்றன. ரேமில் புரண்டது, சேமிக்கும்போது அப்படியே டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிட்டது. சாதாரண லேப்டாப் ரேமில் இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. மணியடிக்காது. நான்கு மாத உழைப்பு.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். 3200ஐ 3600 ஆக்கினால் லாபம் அதிகபட்சம் 12.5 சதவிகிதம். காலி இடத்தில் அதே ரகத்தில் இன்னொரு 8 ஜி.பி. போட்டால் கொள்ளளவும் இரண்டு மடங்கு, பாதையும் ஒன்றுக்கு இரண்டு. வினாடிக்கு 25.6 ஜி.பி. என்பது 51.2 ஆகும். வாரண்டி அட்டையைப் படித்துவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்தால் பத்து நிமிட வேலை. மெலிசான லேப்டாப் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேகம் கூட்டியே தீரவேண்டும் என்றால் முதலில் பேக்கப். பிறகு மெம்டெஸ்ட், ராத்திரி முழுக்க. ஒரு பிழை வந்தாலும் பழைய வேகத்துக்கே இறங்கிவிடவேண்டும். லேப்டாப்புக்குள் காற்று குறைவு. சூடு ஏறினால் பானை இன்னும் வேகமாகக் கசியும். அரியலூர் வெயில் வேறு.

இப்போது இரண்டு கார்டுகள். வேகம் பழைய 3200தான். ப்ராஜெக்டை முதலிலிருந்து எழுதுகிறான். தினம் ராத்திரி ஒரு பிரதி பென் டிரைவில் ஏறுகிறது.