ஒரு ரன் குறைச்சல்

எலியட்ஸ் கடற்கரையில், ஷ்மிட் நினைவு வளைவுப் பக்கம், ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் நாலைந்து கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நடந்துகொண்டிருக்கும். ஒரு ஆட்டத்தின் பாயிண்ட் ஃபீல்டர் முதுகைத் தொட்டபடி இன்னொரு ஆட்டத்தின் விக்கெட் கீப்பர் நிற்பான். டென்னிஸ் பந்து. கையை மடக்கி எறிந்தால் ‘மாங்கா’. பேட்டிங் மட்டும் பண்ணிவிட்டு நைசாகக் கழன்றுகொள்கிறவன் ‘ஓசி காஜி’. பந்து தண்ணிக்குள் போனால் அவுட், போய் எடுத்துவர வேண்டியவனும் அடித்தவனே.

என் பெரியப்பா பல வருடமாக அங்கே வாக்கிங் போகிறவர். நடப்பது பத்து நிமிடம், உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது ஒரு மணி நேரம். ரன் அவுட் தகராறு வந்தால் பையன்கள் அவரிடம் ஓடிவருவார்கள். "தாத்தா, நீங்களே சொல்லுங்க, அவுட்டா இல்லையா?" அதுவரை கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"நான் கவனிக்கலப்பா."

ஏன் இப்படிச் செய்கிறார் என்று 2020 செப்டம்பர் வரை எனக்குத் தெரியாது.

*

எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்குத் தனி மரியாதை உண்டு. சேப்பாக்கத்தில் நடந்த மூன்று பெரிய ஆட்டங்களை நேரில் பார்த்தவர் அவர். 1975, 1986, 1999. கல்யாண வீடோ காரியமோ, எங்கே நாலு பேர் கூடினாலும் இந்த மூன்றில் ஒன்று வந்துவிடும்.

1975 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் வந்திருந்தது. ஆண்டி ராபர்ட்ஸ் அன்று போட்ட போடு 64 ரன்னுக்கு ஏழு விக்கெட். ஒரு பக்கம் வருகிறவனெல்லாம் போய்க்கொண்டிருக்க, மறுபக்கம் ஐந்தடி சொச்சம் உயரமுள்ள குண்டப்பா விஸ்வநாத் அவரைக் கட் அடித்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளாக வந்தவர் சந்திரசேகர். 58 டெஸ்ட் ஆடி 242 விக்கெட் எடுத்தவர், அத்தனையிலும் சேர்த்து அடித்த ரன் 167. எடுத்த விக்கெட்டைவிட அடித்த ரன் குறைவாக உள்ள மனிதர் கையில் விஸ்வநாத்தின் சதம் மாட்டிக்கொண்டது. "சந்திரா பேடைக் கட்டிக்கிட்டு இறங்கும்போதே அத்தனை பேரும் சாமி கும்பிட ஆரம்பிச்சுட்டோம்டா" என்பார் பெரியப்பா. சந்திரசேகர் அவுட். 190 ஆல் அவுட். விஸ்வநாத் 97 நாட் அவுட்.

அந்த டெஸ்டில் இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அதை அவர் சொன்னதே கிடையாது. நான் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1999-க்கு நானே சாட்சி. அப்போது எனக்குப் பத்து வயது. ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானை ஜெயிக்க 271 வேண்டும். 82-க்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. அப்புறம் சச்சினும் நயன் மோங்கியாவும் 136 ரன் சேர்த்தார்கள். சச்சினுக்கு முதுகு வலி. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் குனிந்து நின்றது எங்கள் ஸ்டாண்டிலிருந்தே தெரிந்தது. இன்னும் 17 ரன் இருக்கும்போது சக்லைன் முஷ்டாக்கைத் தூக்கி அடித்தார், வாசிம் அக்ரம் பிடித்தார். 136. மீதி மூன்று பேரும் சேர்ந்து நாலு ரன்தான். 12 ரன்னில் தோல்வி.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். எங்கேயோ கைதட்டல் ஆரம்பித்தது. பெரியப்பா என்னைத் தூக்கி நிறுத்தி, "தட்டு" என்றார். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். ஸ்டாண்டில் எல்லோரும் எழுந்து நின்று தட்டினோம். எதற்குத் தட்டுகிறோம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. நம்மைத் தோற்கடித்தவனுக்கு ஏன்?

*

ஒன்றை யோசித்துப் பாருங்கள். சேப்பாக்கம் இதைவிடப் பெரிய விஷயங்களைப் பார்த்த மைதானம். இந்தியா முதன்முதலாக டெஸ்ட் ஜெயித்தது இங்கேதான், 1952 பிப்ரவரியில், இங்கிலாந்துக்கு எதிராக. வினூ மன்கட் 12 விக்கெட். டெஸ்டில் இந்தியர்கள் அடித்த மூன்று முச்சதங்களில் இரண்டு இங்கே அடித்தவை: 2008-ல் சேவாக் 319, 2016-ல் கருண் நாயர் 303. ஆனாலும் டீக்கடையில் பேச்சு வந்தால் 97-தான். அந்த 12 ரன்தான். குறைந்து போனதுதான் நிற்கிறது.

இந்த வரிசையில் ஆரம்ப ஆள் எம்.ஜே. கோபாலன். இவர் கதை தாத்தா வழியாகப் பெரியப்பாவுக்கு வந்தது. 1934 நவம்பர் 4, சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் ஆடிய ஆட்டத்தில் ரஞ்சி டிராபியின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. மைசூர் 48, 59. ஏ.ஜி. ராம்சிங் மட்டும் 11 விக்கெட். காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போனவர்கள் சாயங்காலத்தோடு திரும்பி வர வேண்டியதாயிற்று.

கோபாலனுக்கு இரண்டு கைத்தொழில். ஹாக்கியிலும் அவர் இந்திய ஆட்டக்காரர். 1935-ல் தியான்சந்தோடு நியூசிலாந்து போய்வந்தவர். 1936-ல் இரண்டு கப்பல்கள் காத்திருந்தன என்றே சொல்லலாம். ஒன்று பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு, இன்னொன்று கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துக்கு. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த கிரிக்கெட் அணிக்குத் தலைவர் விஜயநகர மகாராஜகுமார், ‘விஸி’. மூன்று டெஸ்டிலும் ஆடி மொத்தம் 33 ரன் எடுத்தவர். அதே அணியிலிருந்து லாலா அமர்நாத் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். கோபாலனுக்கு ஒரு டெஸ்டிலும் இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கியது.

கோபாலன் ஆடிய டெஸ்ட் மொத்தமே ஒன்றுதான், 1934 ஜனவரியில் கல்கத்தாவில். 18 ரன், ஒரு விக்கெட். புள்ளிவிவரப் பக்கத்தில் அவர் ஒரு வரிதான். ஆனால் 1950-களில் மெட்ராஸுக்கும் இலங்கைக்கும் இடையே ஆரம்பித்த வருடாந்தர ஆட்டத்துக்கு ஊர் அவர் பெயரை வைத்தது. கோபாலன் டிராபி. அவர் 2003 வரை இருந்தார். தங்கம் வாங்காததைப் பற்றி ஊர் அவரைக் கேலி பேசவில்லை. பெருமூச்சோடு சொன்னது, அவ்வளவுதான்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை.

*

1986 செப்டம்பர் 18 முதல் 22. ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். மெட்ராஸ் செப்டம்பர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மெல்போர்னிலிருந்து வந்த டீன் ஜோன்ஸுக்குத் தெரியாது. அது அவருக்கு மூன்றாவது டெஸ்ட். வெயிலோடு பக்கிங்காம் கால்வாய் நாற்றமும் சேர்ந்துகொள்ள, மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். முடியவில்லை என்றபோது கேப்டன் ஆலன் பார்டர், அப்படியானால் திடமான ஒரு குவீன்ஸ்லாந்துக்காரனை இறக்கிக்கொள்கிறேன் என்கிற மாதிரி சொல்ல, ரோஷம் வந்து தொடர்ந்து ஆடினார். 210 ரன். பிறகு ஆஸ்பத்திரி, டிரிப்ஸ்.

கடைசி நாள், திங்கட்கிழமை. இந்தியாவுக்கு இலக்கு 348. கவாஸ்கர் 90. ஊரே வியர்த்துக்கொண்டிருக்க, கிரெக் மாத்யூஸ் தொப்பியும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு பந்து வீசினார். ஜெயிப்போம் என்று தோன்றும்போது விக்கெட் சரியும், தோற்போம் என்று தோன்றும்போது யாராவது ஒரு சிக்ஸர் அடிப்பார்கள். கடைசி ஓவர் மாத்யூஸ். நாலு ரன் வேண்டும், ஒரு விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், அப்புறம் ஒன்று. ஸ்கோர் சமம். மணிந்தர் சிங் ஒரு பந்தை டொக்கு வைத்தார். அடுத்தது பேடில் பட்டது. அம்பயர் விக்ரம்ராஜுவின் விரல் மேலே போனது. 347 ஆல் அவுட். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது ‘டை’. முதலாவது 1960-ல் பிரிஸ்பேனில்.

பந்து முதலில் பேட்டில் பட்டது என்று மணிந்தர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். என் தீர்ப்பு சரிதான் என்று விக்ரம்ராஜுவும் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு விக்ரம்ராஜு ஒரு டெஸ்டில்கூட நடுவராக நிற்கவில்லை.

*

பெரியப்பாவின் மகன் பாஸ்டனில் இருக்கிறான். 2010 கோடையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் அங்கே போயிருந்தார்கள். பெசன்ட் நகரில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கேதானே. பொழுதுபோகாமல் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தவர், திரும்பி வந்ததும் இரண்டு கதை சொன்னார்.

முதல் கதையும் 1986-தான். சேப்பாக்கம் ‘டை’க்கு ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 25. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 1918-க்குப் பிறகு உலகத் தொடர் ஜெயித்ததில்லை. நியூயார்க் மெட்ஸோடு ஆறாவது ஆட்டம். கோப்பைக்கு ஒரே ஒரு ஸ்டிரைக் மிச்சம் என்ற நிலையிலிருந்து ஆட்டம் சமமாகிவிட்டது. அப்போது மெதுவாக உருண்டு வந்த ஒரு பந்து பில் பக்னர் என்ற ஃபீல்டரின் கால்களுக்கு நடுவே போய்விட்டது. நம் கடற்கரைப் பையன்கூடப் பிடித்திருப்பான். தொடரே போயிற்று. 2,700 ஹிட்டுக்கு மேல் அடித்த ஆட்டக்காரர், ஆனால் ஊருக்கு அந்தக் கால் இடுக்கு மட்டும்தான் ஞாபகம். வருடக்கணக்கில் திட்டினார்கள். ரெட் சாக்ஸ் 2004-ல் ஒருவழியாக ஜெயித்தது. 2008-ல் பக்னரை அழைத்து முதல் பந்தை எறியச் சொன்னபோது பாஸ்டனில் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

இரண்டாவது கதை பெரியப்பா அங்கே இருக்கும்போதே நடந்தது. ஜூன் 2, 2010, டெட்ராய்ட். பேஸ்பாலில் 27 பேரையும் ஒருவர்கூட பேஸைத் தொடவிடாமல் அவுட் ஆக்கினால் அது ‘பெர்ஃபெக்ட் கேம்’. நூறு வருடத்துக்கும் மேலான வரலாற்றில் அதுவரை இருபது தடவைதான் நடந்திருந்தது. அர்மாண்டோ கலராகா 26 பேரை எடுத்துவிட்டார். 27-வது ஆளும் தெளிவாக அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இல்லை என்று கையை விரித்துவிட்டார். கலராகா கோபப்படவில்லை. ஒரு சின்னச் சிரிப்போடு திரும்பிப் போய் அடுத்த பந்தை எறிந்தார். ஆட்டம் முடிந்து வீடியோ பார்த்த ஜாய்ஸ், தப்பு என்னுடையது என்று எல்லார் முன்பும் ஒத்துக்கொண்டார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலை நடுவரிடம் கொடுக்க கலராகாவே வந்தார். வாங்கும்போது ஜாய்ஸ் அழுதுவிட்டார். கூட்டம் தட்டியது.

"அன்னிக்கு டிவியில அதப் பாத்துட்டு அப்பா ராத்திரி சாப்பிடவே இல்லடா" என்று அண்ணன் பின்னால் சொன்னான்.

*

2020 செப்டம்பர் 24. லாக்டவுனில் நான் பெரியப்பா வீட்டில்தான் இருந்தேன். கடற்கரையை மூடி வைத்திருந்தார்கள். மதியம் டிவியில் செய்தி வந்தது. ஐபிஎல் வர்ணனைக்காக மும்பை வந்திருந்த டீன் ஜோன்ஸ் மாரடைப்பில் இறந்துவிட்டார். ‘டை’ நடந்து 34 வருடமும் இரண்டு நாளும்.

பெரியப்பாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று யூடியூபில் அந்தக் கடைசி ஓவரை எடுத்தேன். அவர் கதையில் எப்போதும் ஒரு இடம் வரும். "மணிந்தரோட ஸ்டம்ப் அப்படியே பறந்துச்சுடா, என் கண் முன்னாடி." வீடியோவில் ஸ்டம்ப் எதுவும் பறக்கவில்லை. பந்து பேடில் பட்டது, அம்பயர் கையைத் தூக்கினார். ஸ்டம்பை இழந்தது அதற்கு முந்தின ஆள், ரே பிரைட் பந்தில் யாதவ்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் ஆரம்பித்தார்.

"கவாஸ்கர் அவுட்டானதும் நான் கிளம்பிட்டேன்டா. எப்படியும் ட்ராதான்னு நினைச்சேன். கூட்டம் வெளிய வர்றதுக்குள்ள பஸ் புடிச்சுடலாம்னு." பெசன்ட் நகர் டெர்மினஸில் இறங்கும்போது டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஐம்பது பேர் நின்றிருக்கிறார்கள். கடைசி ஓவரை அங்கேதான் கேட்டிருக்கிறார். மறுநாள் பேங்க்கில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு, "நீங்க கிரவுண்ட்ல இருந்தீங்களே, சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?" சட்டைப் பையில் டிக்கெட் வேறு இருந்தது.

"சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் எங்க திருப்பி வாங்கறது? அந்த விக்ரம்ராஜுவ எத்தன பேர் திட்டினாங்க தெரியுமா? நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கேன். அவராவது பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான் கையத் தூக்கினார். நான் பாக்காமயே." கொஞ்சம் நிறுத்தினார். "பாக்காதத பாத்தேன்னு ஒரு தடவ சொன்னது போதும்."

கடற்கரைப் பையன்களுக்கு அவர் ஏன் ஒருபோதும் தீர்ப்பு சொல்வதில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

அன்று ராத்திரி வீடியோ காலில் அவரே அண்ணனிடம் இதைச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். சின்ன வயதிலிருந்து அந்த ஸ்டம்ப் பறந்த கதையைக் கேட்டு, அதைத் தன் அமெரிக்க நண்பர்களிடமும் சொன்னவன் அண்ணன். என்ன சொல்வானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, நான் எப்பவோ வீடியோ பாத்துட்டேன்" என்றான். "பத்து வருஷம் இருக்கும்."

"பின்ன ஏன்டா கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? நீ சொல்றப்போ நல்லா இருக்கும்."

பெரியப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். 1999-ல் என்னைத் தூக்கி நிறுத்தி ‘தட்டு’ என்று சொன்னது இவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் கடற்கரையைத் திறந்தார்கள். முதல் ஞாயிறே ரன் அவுட் தகராறு. ஒரு பையன் ஓடிவந்து கேட்டான். பெரியப்பா கடல் பக்கம் திரும்பவில்லை.

"நாட் அவுட். நான் பாத்தேன்."

பந்து போட்டவன் முனகிக்கொண்டே போனான். அடுத்த தகராறுக்கும் அவரிடம்தான் வந்தார்கள்.