ஊசிக்காதும் ஆறு மீட்டர் பலகையும்: கண்புரை அறுவைக்குப் பின் கைவேலைப் பார்வை

1. ஆய்வின் எல்லை

கண்புரை அறுவை முடிந்து வந்தவரிடம் "எப்படித் தெரிகிறது?" என்று கேட்டால் தூரத்தைச் சொல்லித்தான் பதில் வரும். பஸ் போர்டு தெரிகிறது, கோபுரக் கலசம் தெரிகிறது, எதிர்வீட்டு மாடியில் நிற்பவர் யாரென்று தெரிகிறது. மருத்துவமனைப் பதிவேடும் அதையே கேட்கிறது: ஆறு மீட்டர் தள்ளியிருக்கும் பலகையில் எந்த வரி வரை படித்தார்? 6/6 என்று எழுதிவிட்டால் அறுவை வெற்றி. ஓய்வுக்காலத்தில் ஆரி வேலை செய்கிறவர், பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுகிறவர், செப்புக்காசு சேர்க்கிறவர் ஆகியோருக்கு அந்த 6/6 பாதிக் கதைதான். அவர்கள் பார்க்க வேண்டியதெல்லாம் முகத்துக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்கிறது.

அத்தகையோரின் கைவேலைப் பார்வை மீள்வது, அறுவைக்கு முன்பு லென்ஸின் பவரைக் குறிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் பெரிதும் தீர்மானமாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். விழித்திரையும் பார்வை நரம்பும் நலமாக உள்ள கண்களை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கும் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் கணக்கு வேறு.

2. பின்புலம்

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்துக் கண்நோயாளிகளைப் பற்றிய சிகிச்சைக் குறிப்புகள், கண்ணின் படங்களோடு, சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சென்னையில் 1819-ல் கண் மருத்துவமனை தொடங்கியாயிற்று. புரையை அகற்றும் கலை இங்கே புதிதல்ல. அகற்றிய இடத்தில் எதை வைப்பது என்பதுதான் நெடுங்காலம் விடை காணாத கேள்வி.

வெற்றிடமாக விட்ட கண்ணுக்கு +10 அல்லது அதற்கும் மேலான பவரில் 'சோடாபுட்டி' கண்ணாடி கொடுத்தார்கள். அது உருவத்தை ஏறத்தாழ கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். நூல் இருக்கும் இடமென்று கண் சொல்வதற்கும் விரல் சொல்வதற்கும் ஒத்துவராது. ஆனாலும் அந்தத் தலைமுறை ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. கிட்டத்தில் ஏதேனும் பார்க்க வேண்டுமானால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொள்வார்கள். +10 கண்ணாடியை ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளினால் அது கண்ணுக்கு +11-க்குச் சற்று மேலாகப் பயன்படும். ஒளியியல் படிக்காத தாத்தாக்கள் செய்த ஒளியியல் அது.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1949 நவம்பர் 29 அன்று ஹரால்டு ரிட்லி முதன்முதலாக ஒரு கண்ணுக்குள் செயற்கை லென்ஸை வைத்தார். போர் விமானங்களின் விதானத்துக்குப் பயன்பட்ட பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் விமானிகளின் கண்ணுக்குள் சிதறியும் பெரிதாகப் புண்ணாக்கவில்லை என்பதைக் கவனித்ததன் விளைவு அது. அந்த முதல் கண் கடுமையான கிட்டப்பார்வையில் போய் முடிந்தது. பவர்க் கணக்கு தப்பிவிட்டது. இந்த அறுவையில் கணக்கும் கத்தி அளவுக்கு முக்கியம் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது எனலாம்.

தமிழ்நாட்டில் கதை மாறியது மதுரையில். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டு லென்ஸின் விலை எட்டாததாக இருந்ததால் 1992-ல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்கூடமும் வந்தது. சோடாபுட்டி இன்று ஏறக்குறைய மறைந்துபோனதில் அந்தத் தொழிற்கூடத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

3. கிட்டத்தின் கணக்கு

இயல்பான கண்ணின் மொத்த ஒளிவிலக்கத் திறன் சுமார் 60 டயாப்டர். அதில் 43 அளவு கருவிழியின் பங்கு. மிச்சம் உள்ளிருக்கும் வில்லையின் பங்கு. இளமையில் அந்த வில்லை தடித்தும் மெலிந்தும் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஈடுகொடுக்கும். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வருகிறது. அறுபதில் அந்த நெகிழ்வு அனேகமாக இல்லை. பொதுவாக வைக்கப்படும் செயற்கை லென்ஸுக்கும் அது இல்லை. அது ஒரே தூரத்தைத்தான் கூர்மையாகக் காட்டும்.

தூரத்துக்கென்று பொருத்திய கண் 40 சென்டிமீட்டரில் படிக்க +2.5 வேண்டும். 33-ல் +3, 25-ல் +4. புத்தகம் படிப்பது 40-ல் நடக்கும். ஊசி கோர்ப்பது 25-க்கும் 30-க்கும் நடுவில். இந்தப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் வித்தியாசம்தான் 'ரீடிங் கிளாஸ் போட்டும் தெரியவில்லை' என்ற புலம்பலுக்குக் காரணம்.

6/6 உள்ள கண், உருவம் கூர்மையாக விழுந்தால், 33 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்தறியும். தையல் நூலின் தடிமன் பெரும்பாலும் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆகவே நலமான கண்ணுக்கு நூல் நிச்சயம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் குறை தூரத்திலோ ஒளியிலோ இருக்கிறது.

4. புரையின் வகையும் ஒரு பொறியும்

வில்லையின் பின்சுவரை ஒட்டிப் படரும் புரை கிட்டத்து வேலையைத்தான் முதலில் கெடுக்கும். கிட்டத்தில் பார்க்கும்போதும் வெளிச்சத்திலும் பாவை சுருங்குகிறது. சுருங்கிய பாவைக்கு நேரே அந்தப் படலம் நிற்கிறது. இந்தப் புரை உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின் கிடைக்கும் நிம்மதியைச் சொல்லி முடியாது.

வில்லையின் நடுப்பகுதி மஞ்சளித்து இறுகும் புரையோ வேறு குணம் உடையது. அது கண்ணை மெல்ல மெல்லக் கிட்டப்பார்வைக்குத் தள்ளுகிறது. அறுபத்தைந்து வயதுப் பாட்டி திடீரென்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பர் படிப்பார். "எனக்கு இளமை திரும்பிவிட்டது" என்று வீட்டில் பெருமை வேறு. −3 அளவு கிட்டப்பார்வை வந்த கண்ணுக்கு 33 சென்டிமீட்டரில் எல்லாம் தானாகவே கூர்மையாகும் என்பதுதான் விஷயம். சிறுவயதிலிருந்தே கிட்டப்பார்வை உள்ளவர்களும் இப்படித்தான். −5 உள்ள ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, 20 சென்டிமீட்டரில் கடிகாரத்தின் பற்சக்கரத்தை வெறுங்கண்ணால் பார்த்தே பழகியிருப்பார். கடையில் விற்கும் எந்தப் பூதக்கண்ணாடியும் அவருக்கு அத்தனை வசதியாக இராது.

இவ்விரு சாராரையும் வழக்கப்படி தூரத்துக்கென்று பொருத்தினால் நடப்பது என்ன? பலகையில் 6/6. மருத்துவர் கைகுலுக்குகிறார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியை எடுத்தால், ஊசி இருக்கிறது, காது இல்லை. அறுவையில் எந்தப் பிழையும் இல்லாமலே ஒருவர் தம் கைவேலையை இழக்கும் வழி இதுதான். முன்கூட்டி யாரும் சொல்லியிருந்தால் அது இழப்பே அல்ல, தேர்வு. நம் ஊரில் நோயாளி கேட்பதுமில்லை, கூட்டத்தின் நடுவே மருத்துவருக்குச் சொல்ல நேரமும் இருப்பதில்லை. இரு தரப்பிலும் குறை உண்டு என்றாலும் கேட்க வேண்டியவர் வேலை செய்கிறவர்தான் என்பேன். கையிலுள்ள காசின் எழுத்தை எத்தனை சென்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பார் என்று எந்தக் கருவியும் கண்டு சொல்லாது.

5. இலக்கைத் தேர்தல்

5.1 கணக்கு நடக்கும் விதம்

விழியின் நீளமும் கருவிழியின் வளைவும் அளக்கப்படும். 1980-களில் புழங்கிய எஸ்.ஆர்.கே. சூத்திரம் இன்றைய நுட்பமான சூத்திரங்களுக்கு வழிவிட்டுவிட்டது. ஆனாலும் கணக்கின் போக்கைக் காட்ட அதுவே எளிது: லென்ஸ் மாறிலியிலிருந்து விழிநீளத்தின் 2.5 மடங்கையும் கருவிழித் திறனின் 0.9 மடங்கையும் கழிக்க வேண்டும். மாறிலி 118, நீளம் 23.5 மில்லிமீட்டர், கருவிழி 44 டயாப்டர் என்றால் 118 − 58.75 − 39.6 = 19.65. ஏறத்தாழ 19.5 பவர் லென்ஸ் வைத்தால் கண் தூரத்துக்குச் சரியாகும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் இரண்டரை டயாப்டர் போய்விடும்.

இதே கண்ணை 40 சென்டிமீட்டருக்குக் கூர்மையாக வைக்க விரும்பினால் சுமார் 23 பவர் லென்ஸ் போதும். அறுவை ஒன்றே, செலவு ஒன்றே, பெட்டியிலிருந்து எடுக்கும் லென்ஸின் எண் மட்டும் வேறு. விலை என்னவென்றால் வெளியே போக, டிவி பார்க்க, வண்டி ஓட்டக் கண்ணாடி வேண்டும். ஏற்கெனவே கிட்டப்பார்வைக் கண்ணாடியோடு வாழ்ந்தவருக்கு அது பழகிய வாழ்க்கை. வாழ்நாளெல்லாம் கண்ணாடியின்றித் தெருவில் நடந்தவருக்கு அது பெருந்தொல்லையாகும். அவர் தூரத்தையே தேர்ந்து, கைவேலைக்குத் தனிக் கண்ணாடி வாங்கிக்கொள்வதுதான் உசிதம்.

5.2 ஒரு கண் தூரம், ஒரு கண் கிட்டம்

இரண்டு கண்களையும் வேறு வேறாகப் பொருத்தும் இம்முறையில் பேப்பர், போன், கடைக்கணக்கு எல்லாம் கண்ணாடியின்றி நடக்கும். நுண்வேலையில்தான் சிக்கல். ஆழம் அறிவதற்கு இரு கண்ணும் ஒரே கூர்மையில் பார்க்க வேண்டும். ஊசி முன்னே இருக்கிறதா, நூல் முன்னே இருக்கிறதா என்பது ஒரு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நூல் ஊசிக்கு முன்னாலோ பின்னாலோ நழுவிப் போய்க்கொண்டேயிருக்கும். வேலை நேரத்துக்கு மட்டும் இரு கண்ணையும் சமப்படுத்தும் கண்ணாடி ஒன்று எழுதி வாங்கினால் இது தீரும்.

5.3 மல்டிஃபோகல்

விளம்பரம் அதிகம், விலையும் அதிகம். வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்குபோடும் லென்ஸ் இது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துக்கு அந்தப் பங்கு போதும். தேய்ந்த செப்புக்காசில் எழுத்தும் தளமும் ஒரே நிறம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள மெல்லிய நிழல் வேறுபாட்டில்தான் எழுத்தே இருக்கிறது. அந்த வேறுபாட்டைத்தான் இந்த லென்ஸ் குறைக்கிறது. அதன் கிட்டத்துக் கூர்மையும் பெரும்பாலும் படிக்கும் தூரத்தில் அமைவது. 25 சென்டிமீட்டருக்கு இறங்காது. நுண்வேலைக்காரருக்கு ஒற்றைத்தூர லென்ஸே மேல் என்பது என் முடிவு.

6. மீட்சிக் காலம்

பாகோ என்னும் அறுவை முறையில் கீறல் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. சிறுகீறல் தையலில்லா முறையில் ஆறு மில்லிமீட்டர் அளவு. இரண்டுமே ஆறும், சொட்டு மருந்து நான்கு முதல் ஆறு வாரம் படிப்படியாகக் குறையும். கண்ணாடியின் பவரை முடிவாக எழுதுவதும் அந்தக் கெடு முடிந்துதான். அதற்குள் அவசரப்பட்டு விலையுயர்ந்த கண்ணாடி செய்யக் கூடாது. இடைக்காலத்துக்கு ஆப்டிகல் கடையில் தொங்கும் +2.5 ரெடிமேட் கண்ணாடி போதும்.

கிட்டத்தில் பார்ப்பதால் கண் கெடாது. 'கண்ணுக்கு வேலை கொடுக்காதே' என்று வீட்டார் ஊசியைப் பிடுங்கி வைப்பது தேவையற்ற பயம். பயப்பட வேண்டியது தூசிக்கும் துகளுக்கும்: அரத்தூள், சால்டரிங் புகை, காசு துலக்கும் அமிலம். கூர்ந்து பார்க்கும்போது இமைப்பது குறையும், கீறல்பட்ட கருவிழியில் உணர்ச்சியும் கொஞ்சநாள் குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து கண் உலர்ந்து, பார்வை கலங்கும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று பலர் பதறுவது இந்தக் கலங்கலுக்குத்தான்.

வலியோ சிவப்போ கூடிக்கொண்டு பார்வை குறைந்தால், மின்னல் வெட்டி ஓரத்தில் திரை இறங்கினால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்தில் நேர்க்கோடு நெளிந்து தெரிந்தால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கலாம்; துணியின் இழையை எண்ணுகிறவர்கள் இதை முதலில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நிறம் பற்றி ஒன்று. மஞ்சள் வில்லை போனதும் நீலம் பாய்ந்து வரும். கிளாட் மோனே 1923-ல் வலக்கண்ணில் அறுவை செய்துகொண்டபின் அந்த நீலத்தோடு பட்ட பாடு ஓவிய உலகம் அறிந்தது. கருநீல நூலையும் கறுப்பு நூலையும் மாற்றிக் கோர்த்த பழைய வேலைகள் இப்போது கண்ணை உறுத்தும்.

7. ஒளியும் கண்ணாடியும்

நல்ல வெளிச்சத்தில் பாவை சுருங்குகிறது. சுருங்கினால் கூர்மையாகத் தெரியும் தூரத்தின் வீச்சு கூடுகிறது. நெகிழாத லென்ஸ் உள்ளவருக்கு விளக்கு இவ்வாறு இரட்டை லாபம் தரும். சிறிய மேசை விளக்கைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும். துணி வேலைக்கு விளக்கு எதிர்க்கையின் பக்கம் மேலிருந்து வர வேண்டும். காசுக்கு அப்படியல்ல. விளக்கைக் காசின் தளத்தோடு ஒட்டித் தாழ்த்தி, காசைச் சுற்றி மெல்ல நகர்த்தினால், வழுவழுப்பாகத் தெரிந்த பரப்பில் ஒரு பக்கத்துக் கோடு முதலில் எழும். விளக்கு இன்னும் கொஞ்சம் நகர, அதற்குக் குறுக்கே இன்னொன்று எழும். இரண்டும் சேர்ந்து எழுத்தாகும்.

பைஃபோகலின் கீழ்க்கண்ணாடி 40 சென்டிமீட்டருக்கும் கீழ்நோக்கிய பார்வைக்கும் அமைந்தது. கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மேசை மார்பளவு உயரம். அவர் நேரே பார்க்கிறார். அவருக்கு அது உதவாது. வேலைத் தூரத்தை அளந்து சொல்லி, முழுச் சட்டமும் அந்த ஒரே பவரில் செய்த கண்ணாடிதான் அவருக்குத் தோது. 25 சென்டிமீட்டருக்கும் குறைவாக நெருங்கினால் இரு கண்ணும் உள்நோக்கித் திரும்பிக் களைத்துவிடும். மூக்குப் பக்கம் தடித்த பட்டகம் சேர்த்துத் தரச் சொல்லலாம்.

அதற்கும் கீழே கண்குழியில் செருகும் உருப்பெருக்கி லென்ஸ்தான். 250-ஐ அதன் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம்: 50 மில்லிமீட்டர் என்றால் 5 மடங்கு, 25 என்றால் 10. இதில் ஒரு நல்ல சேதி உண்டு. தளர்ந்த கண்ணோடு பார்ப்பதற்கென்றே இது செய்யப்பட்டது. இருபது வயது வேலைக்காரரும் தம் கண்ணின் நெகிழ்வை இங்கே பயன்படுத்துவதில்லை. ஆகவே தூரத்துக்குப் பொருத்திய செயற்கை லென்ஸ் கண் இந்த ஒரு வேலையில் அவருக்குச் சற்றும் இளைத்ததல்ல. படிக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டே இதைச் செருக வேண்டும். சிதறல் பார்வை மிகுந்தவர் மட்டும் தூரத்துக் கண்ணாடியின் மேல் மாட்டும் வகையை வாங்கலாம்.

8. பின்னாளைய மங்கல்

சில மாதமோ சில ஆண்டோ கழித்து லென்ஸைத் தாங்கும் பையின் பின்சுவரில் மறுபடி படலம் படியக்கூடும். "புரை திரும்பிவிட்டது" என்பார்கள். எடுத்த புரை திரும்புவதில்லை. யாக் லேசரால் அந்தச் சுவரில் சிறு திறப்பு இடுவது சில நிமிட வேலை. கத்தியும் இல்லை, கட்டும் இல்லை. லென்ஸ் இருந்த இடத்திலேயே இருப்பதால் பவர் பொதுவாக மாறாது. வேலைக்கென்று செய்து வைத்த கண்ணாடியையே தொடர்ந்து போட்டுக்கொள்ளலாம்.