பாதையும் பயணியும்

இருப்புப்பாதையின் பரப்பை நீளத்தால் அளப்பது எளிது. ஏறி இறங்குவோரைக் கொண்டு அளப்பதே வரலாற்றாசிரியனுக்குப் பயன்தரும். இதற்கு நோர்வூட் தக்க சான்றாகும்.

1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை கோப்பியின் பொருட்டு இடப்பட்டது. அது 1884இல் அட்டனை அடைந்தபோதோ, கோப்பி இலைநோயால் மடிந்து தேயிலை தலையெடுத்திருந்தது. பாதைக்கு இழப்பில்லை, ஏற்றிய சரக்கு மாறியது, அவ்வளவே. தோட்ட விளைவைத் துறைமுகம் சேர்ப்பதே அதன் முதல் நோக்கமாதலின், லயங்களில் வாழ்ந்தோரைத் தேடி அது கிளைக்கவில்லை. பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் வழி பிரியும் நோர்வூட் தெருவை நம்பியே வளர்ந்தது.

கிளைத்த பாதையும் நிலைக்கவில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியே இராகலைக்கு 1904 அளவில் இரண்டரை அடி அகலப் பாதை சென்றது. லொறிகள் பெருகவே சரக்குத் தெருவுக்கு மாறிற்று. 1940களில் பாதை மூடப்பட்டது. மக்கள் அங்கேயே இருந்தனர், தண்டவாளந்தான் போயிற்று!

கொழும்பின் கதை வேறு. 1899இல் தோன்றிய மின் ட்ராம் பொறளைக்கும் கிராண்ட்பாசுக்குமாக இரு தடங்களிலேயே ஓடிற்று. எனினும் குடியிருப்புகளின் ஊடே ஓடிற்று. அது 1960இல் நின்றது. நகர் கிழக்கே பரந்தபின், மாலபேயிலிருந்து கோட்டைக்கு 15.7 கிலோமீற்றர் இலகு ரயில் யப்பானியக் கடனுதவியுடன் திட்டமிடப்பட்டு, 2020இல் கைவிடப்பட்டது. கைவிடப்பட்டதாயினும், அது பயணியை எண்ணி வரையப்பட்ட கோடு.

நோர்வூட்டார் புகையிரதம் ஏற இன்றும் பஸ்ஸிலேயே அட்டன் செல்கின்றனர்.