சென்னைப் பகுதி ஏரித் தொடரும் வெள்ளத் திட்டமிடலும்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலத்தின் சாய்வையொட்டி, ஓர் ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும்படி அமைந்த நீர்நிலைகளின் வரிசை. கொசஸ்தலை, கூவம், அடையாறு ஆகிய ஆறுகளும் பள்ளிக்கரணைச் சதுப்பும் இதன் வடிகால்கள். தரை தட்டையானது, ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், பல ஆண்டுகளில் சில நாள்களிலேயே கொட்டிவிடும். அதனால் வெள்ளத்தைத் தேக்கித் தேக்கி அனுப்பும் முறை இங்கு வேரூன்றியது.

ஆற்றுக் கால்வாயால் நிரம்புபவை, மழையை மட்டும் நம்பியவை என ஏரிகள் இருவகை. சிறியவை தாங்கல் எனப்படும். நீர் கொண்டுவரும் வரத்துக்கால், மண்கரை, பாசனத்துக்கு நீர்விடும் மதகு, நிறைந்தபின் நீர் வழியும் கலங்கல் ஆகியவை ஏரியின் உறுப்புகள். வெள்ளத் தடுப்புக்கு உயிரானது கலங்கல். அதிலிருந்து செல்லும் வாய்க்காலை அடைத்தால் மேலேரியைச் சுற்றிய ஊர் மழைக்காலத்தில் மூழ்கும். கீழேரி கோடையில் வறளும்.

பராமரிப்பு ஊராரின் கையில் இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. உறுப்பினர் ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிட முடியாது. குற்றம் கண்டால் உடனே நீக்கம். நீர்நிலைக்குத் தனிப் பொறுப்பும், பொறுப்புக்குக் கணக்கும் வைத்த இந்த ஏற்பாட்டுக்கு நிகரானதைப் பிற்கால நகராட்சி முறை தரவில்லை.

சென்னை மாகாணத்தின் நகரத் திட்டமிடல் சட்டம் 1920இல் வந்தது. அதே பத்தாண்டில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினர். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பள்ளிக்கரணையில் குப்பைக் கிடங்கும் சாலைகளும் அடுக்ககங்களும் சதுப்பைச் சுருக்கின. 2015 நவம்பரில் நகரில் 1,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்தது. டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஏரி திறப்பையே பலர் குறை கூறினாலும், அந்த நீர் பரவ இடமில்லாமல் போனதும் பேரழிவுக்கு முக்கியக் காரணம்.

ஏரிகளைப் போலவே கட்டடங்களிலும் மழைநீரைத் தேக்கும் வழி மழைநீர் சேகரிப்பு. 2003ஆம் ஆண்டு அவசரச் சட்டம் அதை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. மொட்டைமாடி நீர் கூழாங்கல்லும் மணலும் இட்ட வடிகட்டி வழியே கிணற்றுக்கோ கசிவுக்குழிக்கோ செல்லும். பெசன்ட் நகரின் மணற்பாங்கில் நீர் எளிதில் இறங்கும். களிமண் உள்ள இடங்களில் குழியை ஆழமாக்க வேண்டும்.

நீர்நிலைகளைக் காக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சென்னை மாநகராட்சியின் காலநிலைச் செயல்திட்டம் 2023இல் வெளியானது.