கோவில் முற்றமும் மருந்துப் பேருந்தும்

பிள்ளை தனியே பேசிச் சிரிக்கிறான், ராத்திரி உறங்குவதில்லை என்றால் கிராமத்து வீட்டில் முதலில் கேட்பது, 'யாரு வச்ச செய்வினை?' என்றுதான். குறி கேட்டு, மந்திரித்து, கயிறு கட்டி, கோவிலுக்கோ தர்காவுக்கோ போவார்கள். ஆஸ்பத்திரி கடைசியில் வரும்.

வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த 31 பேரை 2000இல் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். மருந்து கிடையாது, தனிச் சடங்கும் கிடையாது. கூட ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். காலையில் பூஜை, பிறகு முற்றம் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. சில வாரங்களில் நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் இறங்கியிருந்தது. ஒப்பிட இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். என் கணக்கில், இறங்கியதில் பெரும்பங்கு துடைப்பத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் சேரும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் மருந்துப் பேருந்து 2010இல் ஓடத் தொடங்கியது. உள்ளே ஒரு திரை. அதில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர். மாத்திரை அங்கேயே, இலவசமாக. பெரியாஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு பேர் கூலி போகும். முரண்டு பிடிக்கும் பிள்ளையை டவுன் பஸ்ஸில் ஏற்றுவது அதைவிடப் பெரும்பாடு. காதில் கேட்கும் குரல்களை அடக்குவதில் மாத்திரைக்கு ஈடாக முற்றத்தைச் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரை போட்டால் கை நடுங்கும், தூக்கம் அமுக்கும். 'முன்னெல்லாம் பேசவாவது செஞ்சான், இப்ப பொழுதுக்கும் தூங்குறான்' என்று அம்மா மாத்திரையை நிறுத்திவிடுவாள். நோய் திரும்பும்.

நேர்ச்சை வழியின் இருண்ட பக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவை ஒட்டிய தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்தார்கள். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடுக்கிறது. ஆனால் களையெடுக்கப் போகிறவள் மகனை யாரிடம் விட்டுப்போவாள் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. முற்றம் அவளுக்கும் சேர்த்தே இடம் கொடுத்தது. பேருந்து வந்தாலும் சாயங்காலம் கிளம்பிவிடும்.

அதனால் இந்த வீடுகளில் எதையும் விடுவதில்லை. ஒரே மஞ்சள் பையில் திருநீறும் மாத்திரை அட்டையும் இருக்கும். மருந்து கொடுப்பவரிடம் கேட்பார்கள்: 'அமாவாசை விரதத்தன்னைக்கு இதைப் போடலாமாம்மா?'