பிளேக் பாஸ்போர்ட்: ஆஸ்பத்திரியைக் கண்டு ஊரே ஓடிய காலம்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

2020-ல் இ-பாஸுக்கு விண்ணப்பிச்ச நாட்கள் ஞாபகம் இருக்கா? சென்னையிலிருந்து சொந்த ஊருக்குப் போகணும்னா கல்யாணமா, சாவா, சிகிச்சையா என்று காரணம் சொல்லி, போனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்போம். செல்போனில் வந்ததுதான் புதுசு. யோசனை ரொம்பப் பழசு. சுமார் 120 வருஷத்துக்கு முன்னாடியே மெட்ராஸ் மாகாணத்தில் இதே மாதிரி ஒரு காகிதம் இருந்தது. அதன் பெயர் பிளேக் பாஸ்போர்ட்.

நோய் பரவிய பகுதியிலிருந்து ரயிலில் வருபவரிடம் இந்தக் காகிதத்தைக் கொடுப்பார்கள். போய்ச் சேரும் ஊரில் பத்து நாள், தினமும் அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருந்தால் அதுதான் பிளேக்கின் முக்கிய அடையாளம்.

அந்தக் காகிதம் எப்படி வந்தது என்று பார்க்க, நாம் முதலில் பம்பாய்க்குப் போகணும். போகும்போது ஒரு கேள்வியையும் கையோடு எடுத்துக்கலாம். உயிரைக் காப்பாத்த வந்தவங்கன்னு சொல்லிக்கிட்டவங்க மேலேயே மக்கள் ஏன் கல்லெறிஞ்சாங்க?

மாண்ட்வியில் செத்த எலிகள்

1896 செப்டம்பர். பம்பாய் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி. தானியக் கிடங்குகள், நெருக்கியடித்த குடியிருப்புகள். அங்கே எலிகள் செத்து விழ ஆரம்பித்தன. பிறகு மனிதர்கள். கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட டாக்டர் அக்காசியோ காப்ரியல் வியேகாஸ்தான், செப்டம்பர் 23-ம் தேதி, இது பிளேக் என்று வெளிப்படையாகச் சொன்னவர்.

நோய்க்குக் காரணமான கிருமியை 1894-லேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அது எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வருகிறது என்று போல் லூயி சிமோன் கராச்சியில் சோதனை செய்து காட்டியது 1898-ல். அதாவது, நோய் வந்தபோது எப்படிப் பரவுகிறது என்பது அதிகாரிகளுக்குத் தெரியாது. அழுக்குதான் காரணம் என்று நினைத்தார்கள். சாக்கடைகளைக் கார்பாலிக் அமிலம் ஊற்றிக் கழுவினார்கள். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நோயாளியின் துணிமணியைக் கொளுத்தினார்கள். நோய் வந்த வீட்டுச் சுவரில் அடையாளம் போட்டார்கள். 2020-ல் சென்னையில் கொரோனா வந்த வீட்டு வாசலை அடைத்த தகர ஷீட் ஞாபகம் வருதில்லையா?

அக்டோபர் 6-ம் தேதி மாநகராட்சி கமிஷனர் ஒரு உத்தரவு போட்டார். நோயாளியைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். குடும்பம் சம்மதிக்கணும் என்றில்லை.

ஆர்தர் ரோடு

அன்றைய மில் தொழிலாளியின் இடத்தில் நின்று பாருங்க. உங்க அண்ணனைத் தூக்கிக்கிட்டுப் போறாங்க. நோய் முற்றிய பிறகுதான் பெரும்பாலும் கொண்டுபோகிறார்கள் என்பதால், ஆர்தர் ரோடு மருத்துவமனைக்குப் போனவர்களில் நிறைய பேர் உயிரோடு திரும்பவில்லை. உள்ளே யார் தண்ணி கொடுப்பாங்க, யார் தொடுவாங்க, செத்தா யார் கொள்ளி வைப்பாங்க, எதுவும் வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது. சாதியும் மதமும் ஒரு மனிதனின் சாப்பாட்டிலிருந்து சுடுகாடு வரைக்கும் தீர்மானித்த காலம் அது.

அந்த இருட்டில்தான் வதந்தி வளரும். அந்த அக்டோபரில் பம்பாயிலிருந்த விக்டோரியா ராணி சிலைக்கு யாரோ தார் பூசிவிட்டார்கள். உடனே ஒரு பேச்சு கிளம்பியது: ராணிக்குக் கோபம், அதைத் தணிக்க மருத்துவமனையில் ஆட்களைக் கொன்று இதயத்தை எடுத்து லண்டனுக்கு அனுப்புகிறார்கள். நோயாளிகளின் உடம்பிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள் என்று இன்னொரு பேச்சு.

அக்டோபர் 29-ம் தேதி, ஏறக்குறைய ஆயிரம் மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள்.

இதைப் படிச்சதும் "அறியாமை"ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சிடத் தோணும். அவசரப்பட வேண்டாம். இதயம் லண்டனுக்குப் போனது பொய். ஆனால் அந்தப் பொய்க்குள்ளே ஒரு நிஜம் இருந்தது. நம்ம உடம்பு மேல நம்ம குடும்பத்துக்கு இருந்த உரிமை இப்போ வேற யார் கைக்கோ போயிடுச்சு என்ற பயம். அது முழுக்க முழுக்க உண்மை.

தாக்குதலுக்கு அடுத்த நாளே உத்தரவைத் தளர்த்தினார்கள். காரணம் கருணை மட்டும் இல்லை. நகரத்தின் கழிவை அள்ளும் துப்புரவுத் தொழிலாளர்கள் பயந்து ஊரைவிட்டுப் போனால் பம்பாயே நாறிப்போகும் என்ற கணக்கும் இருந்தது. அந்த ஊரில் யார் இல்லாமல் எதுவும் நடக்காது என்பது அன்றைக்கு அதிகாரிகளுக்கு நல்லாவே புரிந்தது.

பாதி நகரம் கிளம்பியது

பம்பாயின் மக்கள்தொகை அப்போது 8 லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகம். 1897 பிப்ரவரிக்குள் 3,80,000 பேர் வரை நகரத்தைவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஒரு மதிப்பீடு. கொங்கணத்துக்கும் மற்ற ஊர்களுக்கும் ரயிலிலும் படகிலும் நடந்தும் போனார்கள். மில்களில் ஆள் இல்லை. தெருமுனையிலேயே தினக்கூலிக்கு ஏலம் மாதிரி போட்டி போட்டு ஆள் பிடித்தார்கள். 2020-ல் நெடுஞ்சாலைகளில் மூட்டை முடிச்சோடு நடந்தவர்களைப் பார்த்தோமே, அதே முடிவுதான். சாகிறதா இருந்தா சொந்த மண்ணுல.

1897 பிப்ரவரி 4-ம் தேதி தொற்றுநோய்கள் சட்டம் வந்தது. சில பிரிவுகள் மட்டுமே கொண்ட மிகச் சிறிய சட்டம், ஆனால் கை ரொம்ப நீளம். ரயில் பயணிகளைச் சோதிக்கலாம், தடுத்து வைக்கலாம். 2020-ல் கொரோனாவுக்காக அரசுகள் கையில் எடுத்ததும் இதே சட்டம்தான்.

அதே மாதம் பம்பாயிலிருந்து ஹஜ் பயணமும் நிறுத்தப்பட்டது. இதில் வெளிநாடுகளின் அழுத்தமும் இருந்தது. வெனிஸில் கூடிய சர்வதேச மாநாட்டில் ஐரோப்பிய நாடுகள் இந்தியக் கப்பல்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தன. துறைமுகம் மூடினால் வியாபாரம் படுக்கும். உள்ளூரில் அவ்வளவு கடுமை காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரயில் நிலையங்களில் நடந்தது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்கு மரியாதையான ஒரு பார்வை. மூன்றாம் வகுப்பில் வந்தவர்களை நடைமேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். அத்தனை பேர் முன்னால், ஆண் மருத்துவர் ஒரு பெண்ணின் அக்குளைத் தொட்டுப் பார்ப்பது என்றால் அது அன்றைக்கு என்ன அவமானம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நம்ம பக்கம் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்களைக் கப்பலேற்றும் முன்னால் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்தார்கள். முதலில் தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறை, பிறகு மண்டபம். ராமேஸ்வரம் போகும்போது ஜன்னல் வழியா "மண்டபம் கேம்ப்"னு ஒரு ஸ்டேஷன் பலகை பார்த்திருப்பீங்க. அந்த "கேம்ப்" அங்கேயிருந்து வந்ததுதான்.

புனே

1897 மார்ச். புனேயில் வால்டர் சார்லஸ் ராண்ட் தலைமையில் பிளேக் குழு. வீடு வீடாகச் சோதனை போட வெள்ளைக்காரச் சிப்பாய்களை இறக்கினார்கள். சமையலறை, பூஜையறை எதையும் விடவில்லை என்று மக்கள் குமுறினார்கள். முகாமில் பெண்களை நடத்தும் விதத்தைக் கண்டித்துப் பண்டித ரமாபாய் பத்திரிகைக்கு எழுதினார். ஜூன் 22 இரவு, விக்டோரியா ராணியின் வைர விழா விருந்திலிருந்து திரும்பிய ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். பாடப்புத்தகத்தில் இந்தப் பகுதி வந்துவிடும், அதனால் நான் இங்கே நிற்கப்போவதில்லை.

அதே புனேயில் நடந்த இன்னொன்றைச் சொல்லணும். சாவித்ரிபாய் பூலேயும் அவருடைய வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்தும் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்காக ஒரு சிகிச்சையிடம் நடத்தினார்கள். முண்ட்வாவில் நோயில் கிடந்த ஒரு தலித் சிறுவனை சாவித்ரிபாய் தானே சுமந்து கொண்டுவந்தார். அவருக்கும் நோய் தொற்றியது. 1897 மார்ச் 10-ம் தேதி இறந்தார்.

ஒரே ஊர், ஒரே மாதம், ஒரே நோய். ஒரு பக்கம் கதவைத் தட்டாமல் நுழைந்த பூட்ஸ் கால்கள். இன்னொரு பக்கம் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நடந்த 66 வயசு அம்மா. "சிகிச்சை" என்ற ஒரே சொல்லில் இந்த இரண்டையும் அடக்க முடியுமா?

ஊசி

இப்போ தடுப்பூசிக்கு வருவோம். வால்டெமர் ஹாஃப்கின், ஒடெசாவில் பிறந்த யூதர். காலரா தடுப்பூசியோடு முன்பே இந்தியாவில் வேலை செய்தவர். 1896 அக்டோபரில் பம்பாய் வந்து, கிரான்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன இடத்தில் வேலையைத் தொடங்கினார். சில மாதங்களில் பிளேக்குக்கு ஊசி தயார். 1897 ஜனவரி 10-ம் தேதி முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். அடுத்து பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்கு.

இங்கேயும் வதந்திகள் பறந்தன. ஊசி ஒரு கஜம் நீளமாம். போட்டால் ஆண்மை போய்விடுமாம், பெண்ணுக்குக் குழந்தை பிறக்காதாம். 2021-ல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இதே வாக்கியங்கள் வந்திருக்கும், தேடிப் பாருங்க.

ஆனால் எல்லாரும் மறுக்கவில்லை. ஷியா இஸ்மாயிலிகளின் தலைவர் மூன்றாம் ஆகா கான், அப்போது இருபது வயதுகூட நிரம்பாதவர், எல்லாரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். ஹாஃப்கினின் ஆய்வுக்கூடத்துக்குத் தன் கட்டடம் ஒன்றையும் கொடுத்தார். அவரைப் பின்பற்றிக் கோஜா சமூகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். வெவ்வேறு சமூகங்கள் தங்களுக்கென்று பிளேக் மருத்துவமனைகள் திறந்தபோது, ஆர்தர் ரோட்டுக்குப் பயந்த மக்கள் அங்கே போனார்கள். அதே நோய், ஏறக்குறைய அதே மருத்துவம். அவர்கள் ஆஸ்பத்திரியை வெறுக்கவில்லை. அந்நியர் நடுவில் தனியாகச் சாவதை வெறுத்தார்கள்.

1898 மார்ச்சில் பம்பாயின் மதன்புராவில் நெசவாளர்கள் மறுபடி கிளர்ந்தார்கள். ஒரு சிறுமியைச் சோதிக்கப் பிளேக் குழு வந்ததுதான் பொறி. அதன் பிறகு அரசு மெல்ல மெல்லப் பின்வாங்கியது. கட்டாயச் சோதனைகள் குறைந்தன. ஊசி அவரவர் விருப்பம் என்று ஆனது. ஊசி போட்டுச் சான்றிதழ் வைத்திருந்தால் முகாமில் அடைப்பது போன்ற சில கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். தடுப்பூசிச் சான்றிதழ் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்ற ஏற்பாட்டின் தாத்தா இதுதான்.

பத்தொன்பது பேர்

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்கலாம். முடியவில்லை.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் மால்கோவால் என்ற கிராமம். 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் ஒரே பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது, பதவி போனது. கிராமத்தில் பாட்டிலைத் திறந்தபோது கீழே விழுந்த ஒரு இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியது விசாரணையில் வெளிவந்தது. ஆனாலும் அவர் பெயர் துலங்க 1907 வரை ஆனது. பம்பாயில் இன்றைக்கும் இருக்கும் ஆய்வு நிறுவனத்துக்கு அவர் பெயரை வைத்தது 1925-ல்.

விஞ்ஞானிக்கு நீதி கிடைத்தது. ஆனால் மால்கோவாலில் போன நம்பிக்கை? அது ஒரு அறிக்கையால் திரும்பி வராது. 1907-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பிளேக்கில் இறந்தார்கள்.

தமிழ்நாட்டில் இது நமக்கு நல்லாவே தெரியும். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் எல்லாருக்கும் முன்னுதாரணமாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். இரண்டு நாளில் மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பின்னர் நிபுணர் குழு சொன்னது. அந்த ஏப்ரலில் எத்தனை வீடுகளில் பெரியவர்கள் "எனக்கு வேண்டாம்பா" என்று சொல்லியிருப்பார்கள்! அவர்களைக் கிண்டல் செய்த மீம்களால் யாராவது மனசு மாறியிருப்பாங்களா? எனக்குச் சந்தேகம்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேசி, "நானும் கூட வர்றேன்"னு கையைப் பிடிச்சு கூட்டிக்கிட்டுப் போன ஒரு பேத்தியோ, தெரிஞ்ச நர்ஸோதான் மாத்தியிருப்பாங்க.

மாரியம்மன் கணக்கு

கோயம்புத்தூர் போனால் பிளேக் மாரியம்மன் கோயில்களைப் பார்க்கலாம். பெங்களூரில் பிளேக் அம்மா. பெயர் தெரியாத சாவுக்கு ஒரு பெயரும் ஒரு முகமும் கொடுத்து, கூழ் ஊற்றிப் பேசுவதற்கு ஒரு இடத்தையும் மக்களே உண்டாக்கிக்கொண்டார்கள். 2021-ல் கோவை இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது இணையமே சிரித்தது. நான்கூட. பிளேக் மாரியம்மனைப் பற்றிப் படித்த பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். மக்களின் பயம் எப்போதும் நியாயமாக மட்டும் இருக்காது. 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கி விரட்டியது. பயத்துக்குக் காரணம் இருந்தது என்று புரிந்துகொள்வது வேறு, அந்தப் பயம் செய்ததையெல்லாம் ஏற்பது வேறு.

கடைசியாக ஒன்று. ஆர்தர் ரோட்டில் கூடிய அந்த ஆயிரம் பேர் என்ன நினைத்தார்கள் என்பதை நாம் பெரும்பாலும் அதிகாரிகளின் அறிக்கைகள் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறோம். அவர்களைக் "கும்பல்" என்று எழுதியவர்களின் பேனாவில்தான் அவர்களுடைய பயம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த மில் தொழிலாளி ஒருவர் தன் வாயால் சொன்னது நம்மிடம் இருந்திருந்தால் இந்த எபிசோடே வேற மாதிரி இருந்திருக்கும்.

நம்ம காலத்துக்கு அந்தக் குறை வேண்டாம். உங்க வீட்டில், 2020-21-ல் யாரோட கடைசி முகத்தைப் பார்க்க முடியாமப் போச்சு, எந்த இ-பாஸ் கிடைக்கல, யார் ஊசிக்குப் பயந்தாங்க, யார் கூட்டிக்கிட்டுப் போனாங்கன்னு இந்த வாரம் கேளுங்க. போனில் பதிவு பண்ணி, தேதி போட்டு வைங்க. இன்னும் நூறு வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர் அதைத் தேடுவாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.